திரும்பி வந்த பெட்டி

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தும்போது, தைமஸ் சுரப்பிக்கு வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்தேன். பிறக்கும்போது பெரிதாக இருக்கும், பருவமடைந்த பிறகு சுருங்கத் தொடங்கும், வியாபாரம் முடிந்த கடையைப் போல மெல்லச் சாத்திக்கொள்ளும் என்பேன். மாணவிகள் சிரித்தபடி எழுதிக்கொள்வார்கள். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே கிடக்கும் அந்த உறுப்பை அதற்கு மேல் நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குத் திரும்பக் கேட்கிறது. பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கு, அக்காவின் இடது இமை இறங்கத் தொடங்கும் நேரத்தில்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து என்னோடு தங்கினாள். விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்கு அப்பால் உள்ள ஒரு பீங்கான் பட்டறையில் டீக் கப்புகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை. இருபது ஆண்டுகளாக அதே மேசை. கப்பு இரண்டு முறை சூளைக்குள் போகும். வெறும் மண்ணாக ஒருமுறை, மெருகு பூசியபின் மறுமுறை. இரண்டு முறையும் வெளியே வந்ததும் அக்காவின் கைக்கு வரும். அவள் அதை இடது கையில் ஏந்தி, சிறிய மரக்குச்சியால் விளிம்பில் தட்டுவாள். நல்ல கப்பின் ஒலி சற்று நேரம் நின்று அடங்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி எழுந்த இடத்திலேயே விழுந்துவிடும். செத்த சத்தம் என்று அதற்குப் பெயர். அப்படி ஒலித்த கப்பு பின்புறக் குவியலுக்குப் போகும். காது முடித்த பிறகு கண்ணின் வேலை: மெருகில் ஊசித்துளை இருக்கிறதா, கைப்பிடி கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அக்கா தேறவிட்ட பெட்டியை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் இமைதான் சோர்ந்தது. மாலையில் பாதிக் கண்ணை மூடும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்திருக்கும். ராத்திரியெல்லாம் போனைப் பார்க்கிறாள் என்று கடிந்துகொண்டேன். எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிகிறது என்றபோது வயதைக் காரணம் சொல்லி, கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் இன்னொரு கண்ணாடி. பிறகு, சாப்பிடும்போது பாதியில் தாடை ஓய்ந்துவிட, மீதிச் சோற்றை அவள் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் பசியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். தசைகளை இப்படிச் சோரவைக்கும் நோயின் பெயர் நான் தினமும் பையில் சுமந்து போகும் புத்தகத்தில் இருந்தது. சுயதடைகாப்பு நோய்கள் என்ற தலைப்பின் கீழே ஒரே வரி. தேர்வுக்கு வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

பட்டறையில் அவள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு கண்ணை மூடினால் இரண்டு கப்பு ஒன்றாகிவிடும். ஆனால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நோய் என்று தெரிந்துபோகும். அதனால் கூர்ந்து கேட்பவள்போல இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, காதை மட்டும் நம்பித் தட்டினாள். பக்கத்து மேசைப் பெண், "யக்கா, கப்பு பாக்குறியா, சாமி கும்புடுறியா?" என்று கேட்பாளாம். எல்லோரும் சிரிக்க அக்காவும் சிரித்திருக்கிறாள். நான்கு மாதம் அப்படிப் போயிற்று.

அந்த நான்கு மாதத்தில் ஒரு விரிசல்கூட அவளைத் தாண்டவில்லை. ஆனால் கைப்பிடி கோணலாக இருந்தால் ஒலி மாறாது. ஒரு நாள் புதுச்சேரிக் கடையொன்றிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். பேசப் பேச அவள் குரல் மூக்கின் வழியே போய்த் தேய்ந்தது. அப்போதுதான் புத்தகத்தின் அந்த ஒரு வரி எனக்கு நினைவுக்கு வந்தது.

புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டர் ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ்கட்டிகளைப் போட்டு முடிந்து, இறங்கிய இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தபோது கண் முழுதாகத் திறந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அக்காவின் பழைய முகம் என்னை நேராகப் பார்த்தது. குளிர்ச்சி போனதும் அந்த முகமும் போய்விட்டது.

நரம்பிலிருந்து தசைக்கு வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடத்தை, அவளுடைய எதிர்ப்பு சக்தியே பகை என்று எண்ணித் தாக்குகிறது என்றார் டாக்டர். ஸ்கேன் படத்தில் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தது. ஐம்பது வயதில் கொழுப்பாகக் கரைந்து போயிருக்க வேண்டிய தைமஸ், கனத்து, விழித்திருந்தது. அதை எடுத்துவிடலாம், நோய் மூச்சுத் தசைகளுக்குப் போவதற்குள் எடுப்பது நல்லது என்றார். அக்கா ஒன்றுதான் கேட்டாள்: மறுபடி மேசையில் உட்கார முடியுமா? பலருக்குக் குணம் தெரிகிறது, ஆனால் மெல்லத்தான், வாக்குக் கொடுக்க முடியாது என்று பதில் வந்தது.

அறுவைக்கு முந்தைய நாள் பிற்பகல், வார்டில் கட்டிலில் சாய்ந்திருந்தவள், "டீச்சரம்மா, புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் அந்தச் சுரப்பியப் பத்திச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். எலும்பு மஜ்ஜையில் பிறந்த செல்கள், இன்னும் எதற்கும் பழகாதவையாகத் தைமஸுக்கு வருகின்றன. அங்கே பெருகி, ஒவ்வொன்றும், தொட்டறியும் கையைப் போல, தனக்கென ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. எதிரே யார் வருவார்கள் என்று தெரியாமலே, கிடைத்த துண்டுகளை எப்படியோ சேர்த்துச் செய்வது அது. பிறகு சோதனை. சுரப்பியின் வெளிப்பகுதியில், நம் செல்கள் தாங்கியிருக்கும் அடையாளத்தை அந்த ஏற்பியால் தொட்டறிய முடிகிறதா என்று பார்க்கப்படுகிறது. முடியாதவை இறந்துவிடும். தேறியவை உட்பகுதிக்குப் போகும். அங்கே உடம்பிலுள்ள உறுப்புகளின் சிறு மாதிரிகளையெல்லாம் சில செல்கள் ஏந்திக் காட்டும். அவற்றை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறவை நாளைக்கு நம்மையே தாக்கக்கூடியவை; பெரும்பாலும் அவையும் அங்கேயே அழிக்கப்படும். மிஞ்சியவைதான் டி செல்கள் என்ற பெயரோடு இரத்தத்தில் இறங்கும். நூற்றில் ஐந்துகூடத் தேறுவதில்லை.

"நூத்துக்கு அஞ்சா? எங்க சூப்பர்வைசரு பாத்தாருன்னா அந்தச் சூளையையே இடிச்சிடுவாரு" என்றாள். பிறகு, "செத்ததெல்லாம் எங்க போவும்?" என்று கேட்டாள்.

"பக்கத்துல இருக்கற வேற செல்லுங்க தின்னுடும்க்கா."

"குவியல்கூட இல்லியா?"

இல்லை என்றேன். அவள் தன் மார்பின் நடுவில் கையை வைத்துக்கொண்டாள். அவ்வளவு சாவும் அத்தனை வருடமாக அங்கே ஓசையில்லாமல் நடந்துவந்ததை உள்ளங்கையால் கேட்க முயல்வதுபோல இருந்தது. தசையைப் பகையென்று நினைக்கும் சில செல்கள் இரண்டு சோதனைகளையும் தாண்டிவிட்டன, அவை தூண்டிவிட்டுத்தான் இந்த நோய் என்று நான் சொல்லி முடித்தேன்.

"அந்தச் சுரப்பிய எடுத்துட்டா, ஏற்கெனவே வெளிய போனது என்னா ஆவும்?"

மருந்தால் அடக்கி வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவளிடம் நான் எதையும் மறைத்துப் பழகியதில்லை.

"போனது போனதுதான்க்கா. திருப்பிக் கூப்புட முடியாது. புதுசா போவாம நிறுத்தலாம்."

"எங்க பெட்டியாவது திரும்பி வந்துச்சு" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தாடை முதலில் சரியாயிற்று, பிறகு குரல். எட்டாம் மாதத்தில் ஒரு நாள், காலை நேரம் மட்டும் வருவதாகச் சொல்லி அக்கா பட்டறைக்குப் போனாள். மேசையை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். இருந்தது. கண்களைத் திறந்துகொண்டு அதை முழுதாகப் பிரித்து, கோணலானவற்றை ஒதுக்கினாள். கடைசியில் ஒரு கப்பு கையிலேயே நின்றுவிட்டது. கைப்பிடிதான் கோணலா, இரண்டாகத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. பக்கத்து மேசைப் பக்கம் நீட்டி, "நீ ஒரு தடவ பாரு" என்றிருக்கிறாள். கோணல்தான் என்று அந்தப் பெண் சொல்ல, குவியலில் போட்டாள். இருபது ஆண்டுகளில் அவள் இன்னொருவரைப் பார்க்கச் சொன்னது அதுவே முதல் தடவை. யாருக்கோ நடந்ததுபோல அன்று மாலை அதை என்னிடம் சொன்னாள்.

இப்போது மதியம் ஒரு மணிவரை வேலைக்குப் போகிறாள். வகுப்பில் தைமஸ் வரும்போது அது சுருங்கும் என்பதைச் சொல்கிறேன். கடையைப் பற்றிச் சொல்வதில்லை. வெளியே போன செல்கள் அவள் இரத்தத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. நான் சோற்றைப் பரிமாறும்போதும், பழமலைநாதர் கோயில் பிரகாரத்தில் அவளுக்கு முன்னால் நடக்கும்போதும், அவை எங்களோடு இருப்பதை உணர்கிறேன்.

நான்கு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறப்பவள் அக்காதான். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கண் இடது இமைக்குப் போய்விடுகிறது. அது அவளுக்கும் தெரியும். நான் பார்த்து முடிக்கும்வரை, வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் நிற்கிறாள். அதன் பிறகே வழிவிடுகிறாள்.