குழாயிலிருந்து நான்காவது கல்லறை

அத்தையின் சுண்ணாம்பு டப்பா ஒரு காலத்தில் பெயிண்ட் டப்பாவாக இருந்தது. கம்பிப் பிடி கையை அறுக்காமலிருக்க அதில் சேலைக் கிழிசலைச் சுற்றியிருப்பாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் ஏறுவாள். நகரத்தின் அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில், தண்ணீர்க் குழாயிலிருந்து நான்காவது மாமாவுடையது. கல்லை நட்டவர்கள் மாமாவுடன் வேலை செய்த கொத்தனார்கள். அத்தை அப்போது காய்ச்சலில் கிடந்தாள். மறுவருடம் வந்து, அடக்கத்தன்று மனதில் குறித்துக்கொண்டபடி குழாயிலிருந்து எண்ணினாள். நான்காவதில் கல் இருந்தது. அதில் எழுதியிருந்ததைப் படிக்க எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை.

பத்து வருடம் கழித்து அந்த ஆள் நானானேன். எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கடைப்பலகை என எதைக் கண்டாலும் உரக்கப் படித்துக் காட்டுவேன். யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

அந்த வருடம் அத்தை மூன்று பக்கம் வெள்ளையடித்து முடித்திருந்தாள். கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே பங்குச் சாமியார் இரண்டு வரிசை தள்ளி வந்துகொண்டிருந்தார். "மாமா பேரைப் படி, கேக்கலாம்" என்றாள். எழுத்துகளில் பத்து வருடச் சுண்ணாம்பு அடைத்திருந்தது. குச்சியால் சுரண்டினேன். ஆங்கிலத்தில் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே, அன்பு மனைவி.

மாமாவின் பெயரைச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இங்கிலீஷ் மறந்துபோச்சா?"

"அத்தை, இது மாமா இல்ல. ஒரு அம்மா."

"சரியாப் படி."

மறுபடியும் படித்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மெழுகுவத்தியை ஏற்றாமல் எங்களையே பார்த்தார்கள். அத்தையின் தூரிகையிலிருந்து சுண்ணாம்பு அவள் காலில் சொட்டியது. "அப்ப அவரு?" என்றாள்.

எங்களைப் பார்த்து வந்த தோட்டத்துக் காவலாளி குழாயைக் காட்டிச் சொன்னார்: "இந்த நல்லி முன்னாடி காம்பவுண்ட் பக்கம் இருந்துச்சும்மா. மாத்தி ரொம்ப வருஷமாச்சு."

ஓடினேன். மதிலோரம் துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்று மண்ணில் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நான்காவது, இடுப்பளவு களைக்குள் இருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். தமிழில் மாமாவின் பெயர். சாமியார் அந்த வரிசையை ஏற்கெனவே தாண்டியிருந்தார்.

சாமியார் எதிரே வந்தால் தலை குனிந்து ஒதுங்குகிறவள் அத்தை. அன்று வழியை மறித்து நின்றாள். "சாமி, எங்க வீட்டுக்காரரு விட்டுப்போயிட்டாரு. பத்து வருஷமா."

அவர் மாமாவின் வரிசைக்குத் திரும்பி நடந்தார். தீர்த்தம் கல்லில் விழுந்தபோதும் அத்தை அழவில்லை. களை பிடுங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த அம்மாவின் கல்லறைக்கே போனாள்.

"மூணு பக்கம் அடிச்சிட்டு விட்டா அந்தம்மா என்ன நெனைப்பாங்க? பத்து வருஷமா என் கஷ்டமெல்லாம் கேட்டிருக்காங்க. உங்க மாமாவா இருந்தா பாதியிலயே எழுந்து போயிருப்பாரு."

பஸ்ஸில் திரும்பினோம். நான் செய்தது சரியா என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது, யாரையும் தொடவிடாத அந்த டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

இப்போது அத்தையும் மாமாவின் கல்லறையில்தான் இருக்கிறாள். அவள் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தது நான். பதிப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இந்த நவம்பரில் அதே டப்பாவுடன் போனேன். குழாயை மறுபடி இடம் மாற்றியிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை, படித்துக்கொண்டே போனேன். இருவருக்கும் அடித்து முடித்த பிறகு மிச்சச் சுண்ணாம்பை அந்த அம்மாவின் கல்லறைக்கு நான்கு பக்கமும் அடித்தேன். எழுத்துகளில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டேன்.