பூ கேட்காத காரியம்

என் மாமியார் சாமியிடம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல இருக்கும். "ஏன் அம்மணி, இந்த போர்ல தண்ணி வருமா வராதா, சொல்லிப்போடு." அவிநாசிக்கு அப்பால், சோளக்காட்டு நடுவில் எங்கள் குலதெய்வம். அங்கே பூக் கேட்காமல் அத்தை எந்தப் பெரிய காரியத்தையும் தொட்டதில்லை என்றுதான் குடும்பம் முழுக்க நம்பியிருந்தோம். அம்மன் தோள் இரண்டிலும் பூசாரி ஈர அரளிப்பூவை ஒட்டுவார். வலது பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் வேண்டாம்.

அத்தை தவறிப்போன மறுவருஷம் என் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. சரவணம்பட்டியில் அவளோடு வேலை பார்க்கிற பையன். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற வீடு. வேறு சாதி. என் கணவரின் அண்ணன் சொல்லிவிட்டார்: "அம்மன் பூக் குடுத்தா நானே முன்னால நிக்கறேன். இல்லீன்னா பந்தலுக்கு வரமாட்டேன்." பெரியப்பா வராமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள் மகள். அவள் கல்யாணம் ஓர் ஈரப்பூவில் ஒட்டிக்கொண்டு நின்றது.

போனோம். பூ ஒட்டியாயிற்று. விழவில்லை. தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்கி உட்கார்ந்திருந்தது, நான்தான் உட்காரவில்லை. செருப்பு விட்ட இடம்வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். இடது பூ இம்மி சரிந்த மாதிரி இருந்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

"உக்காருங்க அண்ணி. நீங்க நடக்கற காத்துலயே விழுந்துரும்" என்றாள் நாத்தனார். பிறகு அவளே எழுந்து தன் மூத்த அண்ணனிடம் போனாள்.

"ஏனுங்ணா, உங்க கல்யாணத்துக்கு அம்மா பூக் கேட்டாங்களா?"

"கேக்காமயா?"

"எங்கீங்க கேட்டாங்க? நானுந்தானே கூட வந்தேன். பொண்ணு உங்களவிட மூத்தவ, ஆகாதுன்னு சித்தப்பன் ஊடே குதிச்சுது. அம்மா பூவ ஒட்டவே உடல. 'அம்மணி, பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன், வந்துரு'ன்னு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டாங்க. வழில கேட்டேன். 'எனக்குத் தெரியாததத்தான் கண்ணு கேப்பேன். தெரிஞ்சத எதுக்குக் கேக்கறது?'ன்னாங்க."

தேங்காயைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி நிமிர்ந்தார். "அப்ப என்னைய அம்மன் கிட்டக் கேக்கவே இல்லீங்களா?"

"இப்ப வேணா கேட்டுப் பாக்கலாமா?" என்றார் அண்ணன்.

"கேளுங்க. இடது விழுந்தா நாளைக்கே எங்கூருக்குப் போறேன். சோறு நீங்களே ஆக்கிக்குங்க."

பூசாரியே சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போர்வெல், பருத்தி விதை, கறவை மாடு, எல்லாவற்றுக்கும் அத்தை பூக் கேட்டிருக்கிறார். பெற்ற பிள்ளைகள் யாருக்கும் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பிறகு என் மகள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, உனக்குத் தெரியுமா, இல்ல கேக்கோணுமா?"

"தெரியுமுங்க பெரியப்பா."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மன் முன்னால் போய் நின்றார். "அம்மணி, புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். வந்துரு." அம்மனை அவர் அப்படிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

"பூ இன்னும் விழுகலீங்க" என்றார் பூசாரி.

"இருக்கட்டுமுங்க. நல்லாத்தான் இருக்குது."

புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். நான் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.