றஹீமாவின் பெட்டியும் தம்பியின் துப்புரவும்

எங்கள் வீட்டு நடைக்குள் கால் வைத்தாலே தையல் மெசின் எண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசம் வரும்...

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைக்கத் தெரியாது. அந்த மெசினும், பக்கத்தில் பூட்டுப் போட்டபடி இருந்த தகரப் பெட்டியும் எங்களுடையவை இல்லை.

துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் நாங்கள் இருந்த காலம். அடுத்த வீட்டில் றஹீமா ராத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். சண்டையில் ஊர் குழம்பியபோது அவர்கள் புத்தளத்தில் இருந்த சொந்தக்காரரிடம் போக முடிவெடுத்தார்கள். போகிற அன்று ராத்தா மெசினையும் பெட்டியையும் வேலியில் ஓட்டையாக இருந்த பொட்டுக்குள்ளால் அம்மாவிடம் தள்ளிவிட்டார்.

"வந்து எடுக்கிறன்."

"வாருங்கோ. நான் வச்சிருக்கிறன்."

அவ்வளவுதான் பேச்சு.

பிறகு நாங்களும் ஓட வேண்டி வந்தது. அம்மா ராத்தாவின் பெட்டியையும் மெசினையும்தான் முதலில் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்கட சட்டி பானையை விட்டிட்டு அடுத்த வீட்டுச் சாமானைக் கட்டுறீரே?"

"எங்கட போனா நாங்கள் அழுவம். இது போனா அவவுக்கு என்ன பதில் சொல்லுறது?"

அப்படியே எங்கள் சாமான் எல்லாம் போனது. ராத்தாவின் சாமான் இருந்தது. அகதி முகாமிலும் எங்களோடு இருந்தது. கடைசியில் இப்போது இருக்கும் அன்புவழிபுரத்து வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அதன்பின் அம்மாவுக்கு எதையும் எறிய ஏலாமல் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், வீடு வீடாக இல்லை. பால்மா ரின், கால் உடைந்த கதிரை, சுற்றாத காற்றாடி, அப்பாவின் கிழிந்த வேலைச் சட்டை... அலுமாரியைத் திறந்தால் தலையில் விழும். நானும் எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். ஒரு சோடிச் செருப்பை எறிய ஒரு கிழமை கதைக்க வேண்டும்.

ஆனால் கதைத்தேன். கேட்டேன். அதுதான் வித்தியாசம்.

லண்டனிலிருந்து தம்பி வந்தான். போனில் பார்த்த வீடியோக்களில் படித்த புத்தியோடு வந்தான். ஒரு வருசம் தொடாத சாமானை எறிய வேண்டுமாம். வீடு வெறுமையானால் மனம் லேசாகுமாம். அம்மா கண் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து, நானும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு லொறியைப் பிடித்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான்.

பின்னேரம் நான் வந்தபோது நிலம் கழுவிக் காய்ந்திருந்தது. பெருமையாக நின்றான்.

"பாருங்கோ அக்கா, இப்பதான் மனிசர் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கு."

நான் நடையைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த நாள் அம்மாவைக் கூட்டி வந்தோம். ஒரு கண்ணில் கட்டு. நடைக்குள் வந்ததும் பிடித்துக்கொள்ளப் பழக்கத்தில் கையை நீட்டினார். பெட்டி இல்லை. வெறுங்காற்றில் கை போய், விழப்பார்த்தார். நான்தான் பிடித்தேன்.

"றஹீமாட பெட்டி எங்க?"

"அம்மா, முப்பது வருசமா வராத மனிசி இனி வரப்போறாவே?"

"வராட்டி? அது என்ர எண்டு ஆகிடுமோ? உன்ர எண்டு ஆகிடுமோ?"

அம்மா சாப்பிடவில்லை. விடிந்ததும், "பிள்ளை, ஓட்டோ ஒண்டு பிடி" என்றார். டொக்டர் தூசு படக்கூடாது என்று சொன்ன கண்ணோடு பழைய இரும்புக் கடைக்குள் இறங்கி நின்றார். மெசின் கிடைத்தது, ஒரு குவியலுக்கு அடியில். பெட்டி அதற்குள் கொழும்பு லொறியில் ஏறிவிட்டது.

"போய் அவவிட்டச் சொல்ல வேணும்" என்பதுதான் அதற்குப் பிறகு அம்மாவின் ஒரே கதை. எங்கே என்று தேடுவது? என்னோடு வேலை செய்யும் கிண்ணியா முஸ்லிம் பிள்ளை ஒருத்தியிடம் விசாரித்தேன். அவள் வீட்டில் கேட்டு வந்து சொன்னாள்... றஹீமா ராத்தா புத்தளத்திலிருந்து திரும்பிக் கிண்ணியாவில்தான் மகளோடு இருக்கிறாராம். பல வருசமாக. எங்களிடமிருந்து ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம்!

மெசினை மடியில் வைத்துக்கொண்டு அம்மா என்னோடு ஓட்டோவில் கிண்ணியாவுக்கு வந்தார்.

வாசலில் ராத்தா எங்களை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். பிறகு அம்மா, "உங்கட பெட்டியைத் துலைச்சுப் போட்டன்" என்றார். தம்பியின் பெயரைச் சொல்லவில்லை.

"எந்தப் பெட்டி?" என்றார் ராத்தா. யோசித்தார். "அல்லாஹ்... அதுக்குள்ள என்ன இருந்ததெண்டே எனக்கு நெனவில்லயே. உங்கட வீடும் போயிட்டெண்டு கேள்விப்பட்டன். எல்லாம் போன ஆக்களிட்ட என்ட சாமான் எங்கயெண்டு எந்த மொகத்தோட வந்து கேக்கிற?"

பிறகு மெசினின் சக்கரத்தை ஒரு தரம் சுற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"எண்ணெய் விட்டீங்களா?"

"ஓம். மாசம் ஒருக்கா."

அதைக் கேட்டபிறகுதான் ராத்தா அழுதார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தம்பி என்ன சொன்னான் தெரியுமா?

"பாத்தீங்களே, அவவுக்கே ஞாபகமில்லை. அப்ப அது குப்பைதானே?"

அவன் திரும்பிப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. அந்தச் சொல் இன்னும் எனக்குள் கொதிக்கிறது. ராத்தா மறந்தது ராத்தாவின் உரிமை. அம்மா மறக்காதது அம்மாவின் வாக்கு. இந்த இரண்டில் எது குப்பை? ஒரு மனிசி முப்பது வருசம் சுமந்ததை ஒரு காலைப்பொழுதில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்குத் துப்புரவு என்று பெயர் வைக்கிறோம்...

அப்போது வேலியில் ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் சட்டி போகும், பிள்ளை போகும், ஒரு வீட்டின் சாமானே போகும்.

இப்போது எங்களுக்கு மதில். போன மாதம் பக்கத்து வீட்டார் ஒரு கிழமை கொழும்புக்குப் போனார்கள். போகிறோம் என்று ஒரு சொல்லும் இல்லை. மதிலில் புதிதாக ஒரு கமரா பூட்டியிருந்தார்கள், எங்கள் வாசல் படலையைப் பார்த்தபடி.

அம்மா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு இதைப் பூட்டியிருக்கினம் பிள்ளை... வீட்டைப் பூட்டித் திறப்பை என்னட்டத் தந்திட்டுப் போயிருக்கலாமே."