ஆடி என்று சொல்லாத கேசட்

ரங்கநாதன் தெருவில் ராஜரத்தினம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுவது இசக்கிமுத்துவின் வேலை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வரும் கூட்டத்தில் முகத்தைப் பார்த்தே அக்காவா, அத்தையா, மதினியா என்று முடிவுகட்டிக் கூப்பிடுவான். பாதிப் பேராவது படியேறுவார்கள்.

தொண்ணூற்றைந்தில், ஆடி பிறப்பதற்குச் சற்று முன்பு, காதோரம் தாடை கிளுக்கென்று இடறத் தொடங்கியது. பிறகு கன்னம் வீங்கி, இட்லியைப் பிட்டு உள்ளே தள்ளக்கூட வாய் திறக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டான். விட்டால் வாசல் வேறொருவனுக்குப் போய்விடும்.

கோபாலபுரத்தில் பல் டாக்டர் நீரஜா புதிதாக லேசர் வைத்திருந்தார். பேனா போன்ற ஒன்றைக் காதுக்கு முன்னால் வைத்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தான். சுடவே இல்லை. சுடாத வெளிச்சம் எப்படி வீக்கத்தை வற்ற வைக்கும் என்று கேட்டான். மூட்டுக்குள் மெல்ல வேலை செய்யும், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றார்.

"ஆனா ட்ரீட்மெண்ட் முடியறவரைக்கும் வாயைப் பெரிசாத் திறக்கப்படாது. கூப்பிடற வேலை வேண்டவே வேண்டாம்."

அண்ணாச்சி கோபிக்கவில்லை. குணமாகிற வரை குரலாவது கடையில் இருக்கட்டும் என்று டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தார். ஆடித் தள்ளுபடி என்று ஆரம்பிக்கச் சொன்னார்.

இசக்கிமுத்து தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு யோசித்தான். "ஆடின்னு சொன்னா, மாசம் போனதும் கேசட் வீணால்லா போயிரும் அண்ணாச்சி. சும்மா தள்ளுபடின்னே சொல்லுதேன்."

பிழைக்கத் தெரிந்தவன் என்று அண்ணாச்சி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கஞ்சியும் ரசம் சாதமுமாக நாள் போயிற்று. வீட்டில் எதற்கும் தலையை மட்டும் ஆட்டினான். கல்யாணமானதிலிருந்து இப்போதுதான் தன் பேச்சைக் கேட்கிறார் என்று மனைவி முத்துலட்சுமி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆவணி முடிவதற்குள் வீக்கம் வற்றியது. புரட்டாசிக் கடைசியில் வாய் தாராளமாகத் திறந்தபோது டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். இனி அளவாகக் கூப்பிடலாம் என்றார்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். வாசலில் அவனுக்கு முன்பே அவன் குரல் நின்றிருந்தது. கிழவியையும் அக்கா என்றது, பள்ளிக்கூடப் பிள்ளையையும் அக்கா என்றது. தீபாவளிக் கூட்டம் அதற்கெல்லாம் காது கொடுக்காமல் தானாகவே படியேறிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒடம்பை ஏன் கெடுத்துக்கிடுத? குடோன்ல துணி மடிக்க ஆள் வேணும்டே."

குடோன் வரைக்கும் அந்தக் கேசட் கேட்டது. 'வாங்கக்கா' என்பதில் வாய் முழுதாகத் திறக்காமல் இடறும் இடத்தில் கிளுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அது என்னவென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அது வரும்போதெல்லாம், வலியே இல்லாத தாடையைக் கை தானாகப் போய்த் தாங்கிக்கொண்டது.