முருகன் நின்னுக்கிட்டே வந்த பஸ்

இன்னைக்குக் காலையில எட்டயபுரத்துல இருந்து கோவில்பட்டிக்கு பஸ். நல்ல கூட்டம். நான் நின்னுக்கிட்டுதான் வந்தேன்.

பக்கத்துல நின்னது எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்த டீச்சர். எழுபதுகள்ல சினிமாவுல பாலமுருகனா வேல் பிடிச்சு நின்ன குழந்தை அவியதான். உயரம் கூடினதும் சாமி வேஷம் போச்சு. கொஞ்சமும் அலட்டிக்காம படிச்சு டீச்சராயிட்டாவ.

ஸீட்டுல இருந்த ஒரு பெரியவர் அவியளப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டு எந்திரிச்சாரு.

"உக்காருங்கம்மா. நாகலாபுரம் கொட்டகையில, திரையில நீங்க வந்ததும் சூடம் கொளுத்தி மழை கேட்டவன் நான்."

"பெஞ்சுதா அண்ணாச்சி?"

"எங்க! பருத்தி பூராவும் கருகிப் போச்சு."

"மேக்கப் கலைஞ்சிரும்னு ஷூட்டிங்குல எனக்கே யாரும் தண்ணி தரல அண்ணாச்சி. நீங்களே உக்காருங்க."

பெரியவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா உக்காரல. "சாமி நிக்கையில நான் உக்காரவா?"

"மழை தராத சாமிக்கு ஸீட்டு எதுக்கு?"ன்னு டீச்சரும் உக்காரல.

அம்புட்டுக் கூட்டத்துலயும் கோவில்பட்டி வரைக்கும் அந்த ஸீட்டு காலியாவே வந்துச்சு.

முருகனே நின்னாலும் நான் உக்காந்திருப்பேன். கணக்கு டீச்சர் நிக்கையில எப்படி உக்கார? நீங்க உக்காருவீங்களா?