ஜீப்பில் ஒரு தனி இருக்கை

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவனுக்குப் போடியில் இரண்டு வேலைகள் காத்திருக்கும். காலையில் நடப்பது ஒன்று, ஊர்க்காரர்களின் மனுக்களைத் திருத்திக் கொடுப்பது இன்னொன்று. நான் நடப்பதில்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குடிநீர் எந்த நாளில் வரும் என்று அறிவிப்பதற்காகத் தொடங்கினோம். குடிநீர் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று; கருத்துகள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில் ஒரு படம் வந்தது. ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். அதில் ஒருவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'பொம்பளைங்க ஜீப்புல இது எதுக்கு?' என்று ஒரு கேள்வி. அதைப் போட்டவன் இரும்புக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன்.

வட்டத்துக்குள் இருந்தவளை எனக்குத் தெரியும். திருநங்கை அடையாளச் சான்றுக்கான விண்ணப்பத்தைச் சரிபார்க்க ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தாள். உறுதிமொழிப் பத்திரம், பழைய சான்றுகள், நகல்கள் என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒரு உறையில் கொண்டுவந்திருந்தாள். என் வாழ்க்கையில் அப்படி அடுக்கிக் கொண்டுவந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் மீது எனக்கு மதிப்பு வர அது போதுமானதாக இருந்தது.

நான் பதில் எழுதினேன். 'இது' என்பதைத் திருத்தி 'இவர்' என்று போடச் சொன்னேன். அனுமதியில்லாமல் படம் எடுத்தது தவறு என்றேன். அவர் பெண், ஆகவே பெண்கள் ஜீப்பில் போகிறார் என்றேன்.

"பொறப்பு ஆம்பளைதான மாப்ளே?" என்று அவன் குரல் பதிவு அனுப்பினான். "உன் சட்டம் பொறப்ப மாத்திருமா?"

தன் பாலினம் எது என்று உணர்ந்து சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்பதைச் சட்டத்தின் வாசகத்தோடு எழுதினேன். இன்னொருவர் பெண்களின் பாதுகாப்பு என்று ஆரம்பித்தார். அந்த ஜீப்பில் போகும் எந்தப் பெண் புகார் கொடுத்தார், புகார் மனு எங்கே என்று கேட்டேன். மனு இல்லை. மூன்று நாள் இப்படியே போயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் என் பதிவுகளுக்குக் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. பழைய கோப்பு ஒன்று மறுபடி மேசைக்கு வந்ததைப் போல இருந்தது.

நான்காம் நாள் தோழன் போனில் கூப்பிட்டான்.

"போதும் மாப்ளே, விரல் வலிக்குது. நீ சொல்ற மாதிரி அவங்களுக்கும் உரிமை இருக்கட்டும். டிரைவர் பக்கத்துல தனியா ஒரு சீட்டு குடுத்துருவோம். ஜீப்புக்காரரும் குழுவுலதான இருக்காரு. சரின்னுட்டாரு."

எதிர்த்தரப்பே இறங்கி வரும்போது ஏற்றுக்கொள்வதுதான் முறை. 'தனி ஏற்பாடு என்பது உரிமையின் முதல் படி' என்று தொடங்கி மூன்று பத்திகளில் ஒரு தீர்மானம் எழுதினேன். ஜீப்பில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு வாசகமும் எழுதிக் கொடுத்தேன்: 'திருநங்கையர் மட்டும்'. எழுத்தின் அளவுகூட நான் சொன்னதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"சார், அந்த ஸ்டிக்கர் நீங்க எழுதுனதா?"

"ஆமா. எழுத்து நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது சார். தேவாரத்துல இருந்து வர்ற பஸ்சுக்காரங்களுக்கும் தெரியுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாலஞ்சு வருசமா நான் பின்னாடிதான் உக்காந்து போறேன். எதுக்க இருக்கவ முழங்காலு என் முழங்கால்ல இடிக்கும். வளைவு வந்தா அவ என் மேல விழுவா, நான் அவ மேல விழுவேன். 'ஏ மதினி, தள்ளி உக்காரு'ம்பாளுக. இப்ப, 'நீங்க முன்னாடி போங்க'ங்கிறாளுக."

"மரியாதைதானே?" என்றேன்.

"மரியாதைதான் சார். சோத்து நேரத்துலயும் அதே மரியாதை. நான் போனா எல்லாரும் நகந்து எடம் விடுறாங்க. எவளும் என் டப்பாவுல கை போடுறதில்ல. டிரைவர் என் மேல படாம கதவோட ஒட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறான். போடிமெட்டு ஏறி முடிக்கிற வரைக்கும் எனக்கு உசுரு கையில இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. உரிமை கேட்டோம், கிடைத்தது, எழுத்திலும் வந்துவிட்டது. இதில் குறை எங்கே? மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்."

"அப்ப என்ன வேணும்?"

"பின்னாடி உக்காரணும்."

இதற்கான படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை. நான் பேசாமலே இருந்திருக்க வேண்டுமோ என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல சார். அந்தப் படத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லலைன்னா அன்னைக்கே சோலிய விட்டுருப்பேன். நீங்க எழுதுனதப் பூராம் படிச்சேன். அது வேற. எங்க உக்காரணும்னு எங்கிட்ட யாரும் கேக்கலையே."

அவள் போன பிறகு குழுவில் எழுதினேன்: தனி இருக்கைத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும், சம்பந்தப்பட்டவர் விரும்பவில்லை. ஐந்து நிமிடத்தில் என் பழைய பதிவுகளை எடுத்து எனக்கே அனுப்பினார்கள். உரிமையின் முதல் படி என்ற வாக்கியம் நான்கு பேரிடமிருந்து வந்தது. தோழன் அந்தச் சீட்டுக்கே காவலனாகிவிட்டான்.

"போன வாரம் குடுங்கன்ன. இந்த வாரம் எடுங்கங்கிற. ஆபீஸ்லயும் இப்படித்தான் சோலி பாத்தியா? நாங்க அவங்களுக்கு மரியாதை குடுக்குறோம், நீ ஏன் குறுக்க நிக்கிற மாப்ளே?"

முன்பு கைதட்டிய ஓர் இளைஞர் என்னைப் பிற்போக்குவாதி என்று எழுதினார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் மறுக்க வேண்டிய ஒவ்வொரு வாதமும் என் சொந்த நடையில் இருந்தது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அவள் பெண் என்று நான் சொன்னேன். அவள் திருநங்கை, ஆகவே தனி இடம் என்றும் நான்தான் சொன்னேன். இரண்டுக்கும் சட்டத்தில் ஆதாரம் காட்ட என்னால் முடியும். ஜீப்பில் ஏறும்போது மட்டும் இரண்டும் ஒன்றாக நிற்க மறுத்தன.

மறுநாள் விடியும் நேரத்தில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். தலையில் துண்டு கட்டிய பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்கதவில் கை வைத்து நின்றிருந்தாள். ஸ்டிக்கர் உண்மையிலேயே நன்றாகத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் மூத்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல எழுதுறது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா."

"நீங்க எழுதுறதுக்கு முன்னாடியே அவளுக்கு எடம் விட்டவங்க நாங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களை விசாரிக்காமல் ஓர் ஆணைகூடப் பிறப்பித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அங்கேயே நின்று விசாரித்தேன்: உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?

"எங்களுக்கு என்ன? அவ தோள்ல சாஞ்சுதான் மலை ஏறுற வரைக்கும் தூங்குவேன். ஒரு வாரமா தூக்கமே இல்ல" என்றார் மூத்தவர். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஓரத்தில் இருந்த ராசிங்காபுரத்துப் பெண் மட்டும் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வீட்டுல அந்தப் படத்தப் பாத்துட்டாக சார். அவ பக்கத்துல உக்காந்து போறதா இருந்தா வேலைக்கே போவேணாம்ங்கிறாக. நான் ஒன்னும் சொல்லல. அவுகதான்."

முன்கதவருகே நின்றவள் அதில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் எங்கள் குழுவில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படம் அவர் வரை போயிருக்கிறது. மூன்று நாள் நான் விவாதத்தை ஓடவிட்டதால்தான் அது அவ்வளவு தூரம் போயிற்றோ என்னவோ.

"வெரசா ஏறுங்கத்தா, மேல செக்போஸ்ட்டுல கூட்டமாயிரும்" என்றார் டிரைவர்.

மூத்த பெண் ராசிங்காபுரத்துக்காரியை முழங்கையால் இடித்தார். "அப்ப நீ எந்திரிச்சு முன்னாடி போ. பக்கத்துல உக்காரலைன்னு புருசன்கிட்ட சத்தியமே பண்ணலாம்."

ஜீப்புக்குள் சிரிப்பு கிளம்பியது. ராசிங்காபுரத்துப் பெண் சிரிக்காமல் இறங்கி முன்பக்கம் வந்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுல வேற எழுதிருக்கே சார். நான் உக்காரலாமா?"

தீர்மானத்தின்படி உட்காரக் கூடாது. உட்காரலாம் என்றேன். எந்த அதிகாரத்தில் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

அதுவரை முன்கதவில் கை வைத்து நின்றவள் பின்னால் போய் ஏறினாள். மூத்தவர் தள்ளி இடம் கொடுத்தார். மறுபக்கம் இருந்தவள் ஒரு சாண் இடைவெளி விட்டே உட்கார்ந்தாள். முதல் வளைவில் அது மூடிக்கொள்ளுமா, அப்படியே இருக்குமா என்று கீழே நின்ற என்னால் சொல்ல முடியவில்லை. முன்னால் போனவளோ டிரைவரை விட்டு விலகி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். இப்போது தனியாக உட்கார்ந்திருப்பது அவள். இதை வெற்றி என்று எழுதுவதா, ஆளை மாற்றி அதே தவறு என்று எழுதுவதா?

வண்டி நகரும்போது பின்பக்கத்திலிருந்து அவள் குனிந்து சொன்னாள். "சார், நாளைக்கு வராதீங்க. நீங்க நின்னா எல்லாரும் ஒழுங்கா உக்காருறாங்க."

நான் மறுநாள் போகவில்லை. அதனால் மறுநாள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. குழுவில் கேட்டார்கள், தெரியாது என்றே எழுதினேன், யாரும் நம்பவில்லை. அவள் பெண்தானா என்று தோழன் இன்னும் வாரம் ஒருமுறை கேட்கிறான். அதற்கு மட்டும் தவறாமல் பதில் எழுதுகிறேன். அதை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை.