நிலாவிலிருந்து தெரியும் சுவர்

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கேசரி, பிறகு உளுந்து வடை, பிறகு தேத்தண்ணி, அதற்கும் பிறகு ஐந்து பொது அறிவுக் கேள்விகள். கேள்வி கேட்பவர் என் வீட்டுக்காரர். பதில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளைப் பையன். கூட வந்த சொந்தபந்தமெல்லாம் வடையைக் கையில் பிடித்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது குசுகுசுவென்று விடை சொல்லிக் கொடுத்தால் அந்தக் கேள்வி செல்லாது.

சிரிப்பு வருகிறதா? வரும், வரும். அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவளைக் கேட்டால்தானே தெரியும். காலையில் பசியாற உட்கார்ந்தால், "ஆக்டோபஸுக்கு எத்தன இதயம், சொல்லு பாப்போம்" என்பார். "மூணு. ஒங்களுக்கு ஒண்ணாவது இருக்கா? தோசை கருகுது, அடுப்ப அணைங்க" என்பேன். என் பேச்சில் முதல் சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். "சரியான விடை!" என்று டிவியில் போட்டி நடத்துகிறவர் மாதிரி கையை உயர்த்துவார். தோசை கருகிப் போயிருக்கும்.

மலாக்காவில், புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். வாலிப வயதில் ஏதோ ஒரு பொது அறிவுப் போட்டியில் முதல் பரிசாகச் சுவர்க்கடிகாரம் வாங்கியிருக்கிறார். பிறகு பள்ளிக்கூட ஆபீஸில் கிராணியாக, கணக்கு எழுதுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். அந்தக் கடிகாரம் இன்னும் எங்கள் ஹாலில் தொங்குகிறது. கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். "கடிகாரம் ஸ்லோவா போவுதுங்க" என்று சொன்னால், "இல்ல, ஒன் போன் ஃபாஸ்ட்டா போவுது" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்களுக்கு ஒரே மகள். மலாக்கா டவுனில் ஆபீஸ் வேலை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. ஜாதகம் பொருந்தும், குடும்பம் பொருந்தும், கடைசியில் இவர் கேள்வியில் வந்து எல்லாம் கவிழும். ரப்பர் மரத்துக்குத் தாய்நாடு எது என்று கேட்டதற்கு, "மலேசியாதான் அங்கிள், எங்க தாத்தாவே பால் வெட்டியிருக்காரு" என்றான் ஒருவன். பிரேசில் என்று சொல்லத் தெரியாதவனுக்கு என் பெண்ணா என்று இவர் எழுந்து போய்விட்டார். கணினி மௌஸை முதன்முதலில் எதால் செய்தார்கள் என்று கேட்டதற்கு, மரம் என்பது தெரியாமல், இன்னொருவன் யோசித்து யோசித்து "எலித்தோலா அங்கிள்?" என்றான். அவனை அனுப்பியதில் எனக்கும் வருத்தமில்லை.

கேள்விகளை மாற்றவே மாட்டார். மாற்றினால் ஒருவனோடு ஒருவனை ஒப்பிட முடியாதாம். ரப்பர் ஒன்று. மலாக்காவை முதலில் பிடித்த ஐரோப்பியர் யார் என்பது ஒன்று. ஐம்பெருங்காப்பியங்களில் எத்தனை முழுதாகக் கிடைத்திருக்கின்றன என்பது ஒன்று. பிறகு அந்த மௌஸ். கடைசியாக அவருக்கு ரொம்பப் பிடித்தது: நிலாவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற, மனிதன் கட்டிய ஒரே பொருள் எது? சீனப் பெருஞ்சுவர். அந்தக் கேள்விக்குத்தான் அவருக்குக் கடிகாரம் கிடைத்தது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன வருடம் மஸ்ஜித் தானாவிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். பையன் செங் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். இந்த வரன் தரகர் கொண்டுவந்ததில்லை. என் மகளே பார்த்துப் பிடித்துப்போய், "அம்மா, முறைப்படி வந்து பேசச் சொல்லியிருக்கேன், அப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்" என்று என் காதில் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் அவரிடம் கெஞ்சினேன். "இந்த ஒரு தடவை கேள்விய விட்டுடுங்களேன்" என்றேன். "நல்ல பையனா இருந்தா பதில் சொல்லிட்டுப் போறான், ஒனக்கென்ன பயம்?" என்றார்.

பையன் நல்ல பையன்தான். பிரேசில் என்றான். போர்த்துகீசியர் என்றான். மூன்று காப்பியம் என்றான், மரம் என்றான். இவர் ஒவ்வொன்றுக்கும் "சரியான விடை!" என்று கையை உயர்த்த உயர்த்த எனக்கு வயிறு குளிர்ந்தது. பையனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏறக்குறைய சம்பந்தி ஆகிவிட்டோம்.

பிறகு நிலா.

பையன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். சமையலறை வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தான். அவளும் கண் எடுக்காமல் அவனையே பார்த்தாள். வெட்கத்தைக் காணோமே இந்தப் பெண்ணுக்கு என்று மனதுக்குள் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நிலாவுல இருந்து பாத்தா மனுஷன் கட்டினது ஒண்ணுகூட கண்ணுல படாது, அங்கிள்."

"சீனப் பெருஞ்சுவர், தம்பி. சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சது."

"மன்னிச்சிருங்க அங்கிள். அது தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஹாலில், அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, யாரும் அவரைப் பார்த்துத் தப்பு என்று சொன்னதே கிடையாது. இவர் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசுற பழக்கத்த எங்க வீட்டுல நாங்க சொல்லிக் குடுக்கலம்மா" என்றார், பையனின் அம்மாவைப் பார்த்து. அந்த அம்மா சும்மா விடுவாரா? "எம்மவன் பொய் சொல்ல மாட்டான் அண்ணே. அத நாங்க சொல்லிக் குடுக்கல" என்று எழுந்துவிட்டார். வடைத் தட்டு அப்படியே இருந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்த வரனையும் அவள் பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவோடு பேச்சும் குறைந்தது. "சாப்பிட்டீங்களா?" "மருந்து போட்டீங்களா?" அவ்வளவுதான். அந்தப் பையனைப் பற்றிக் கேட்டால், "அவரோட பேசுறதில்லம்மா, விடுங்களேன்" என்பாள். எல்லாம் அப்பா மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் செங்கில்தான் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற சீனத் தோழி, அவர்களுடைய நிலாப் பண்டிகைக்கு ஒரு டப்பா பலகாரம் கொண்டுவந்தாள். மத்தியானம் கேன்டீனில் திறந்தோம். டப்பா மூடியில் பெரிய முழுநிலா, அதன் கீழே மலை மேல் வளைந்து வளைந்து போகிற சுவர். எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அவர் பெண்டாட்டி அல்லவா நான். "ஒங்க சுவருதான் நிலாவுல இருந்து பாத்தாலே தெரியுமாமே" என்று மலாயில் பெருமையாகச் சொன்னேன்.

அவள் வாயில் இருந்ததைத் துப்பாத குறையாகச் சிரித்தாள். "மானா போலே நம்பாக்லா! எப்படித் தெரியும்? எங்களுக்கும் ஸ்கூலில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அக்கா. அப்புறம் சீனாக்காரரே ராக்கெட்டில் போய்ப் பூமியைச் சுற்றி வந்து, கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் நிலா வரைக்கும்கூடப் போகவில்லை, பக்கத்திலேயே சுற்றினதற்கே படவில்லை." போனைத் திறந்து காட்டவும் செய்தாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த பலகாரத்தை வாயில் வைக்கத் தோன்றவில்லை. அவர்களுடைய சுவர். அவர்களே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பிள்ளை சொன்னது சரி. சரியான விடை சொன்ன பிள்ளையை நாங்கள் வாசல் வரை விரட்டியிருக்கிறோம். அடக் கடவுளே! நான்கு சரி என்று ஆகாசத்துக்குக் கை தூக்கிய மனுஷன், ஐந்தாவது சரிக்கு என் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாரே! சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். முதலில் அவர் சிரித்தார். பிறகு என்னைத் திட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தேடினார். தமிழில் படித்தார், இங்கிலீஷில் படித்தார், மலாயிலும் படித்தார். ஏதாவது ஒரு பாஷையிலாவது அந்தச் சுவர் தெரிந்துவிடாதா என்று தேடினாரோ என்னவோ. கடைசியில் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவை வெளியே வரவில்லை.

"நாளைக்கு மஸ்ஜித் தானா போவணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகளிடம் பாஸாருக்குக் காய்கறி வாங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. டயர் கடையில் பையன்தான் இருந்தான், அப்பாவுக்கு உதவியாக. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "வாங்க அங்கிள், வாங்க ஆண்டி" என்று நாற்காலி போட்டான். நான் மட்டும் உட்கார்ந்தேன்.

இவர் உட்காரவில்லை. "தம்பி, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்க எனக்கு அன்றுதான் கொடுத்துவைத்திருந்தது.

பையன் பதறிவிட்டான். "அய்யோ, விடுங்க அங்கிள், அதெல்லாம் ஒண்ணுமில்ல." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல. பொண்ணு பாக்க வர்றதுக்கு முதநாளே ஒங்க மக எனக்குப் போன் பண்ணிட்டாங்க. இந்த அஞ்சு கேள்விதான் வரும், கடைசிக் கேள்விக்கு சீனச் சுவர்னு சொல்லிடுங்க, அது தப்புன்னு எனக்கும் தெரியும், எங்க வீட்டுல அப்படித்தான்னாங்க. எனக்கு மனசு வரல அங்கிள். கல்யாணப் பேச்சையே பொய்யில ஆரம்பிக்கணுமான்னு இருந்துச்சு. அதுல இருந்துதான் அவங்க என்கூடப் பேசுறதில்ல."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவளுக்குத் தெரியுமா? என் வயிற்றில் பிறந்தவளுக்கு, அந்தக் கடிகாரத்துக்குக் கீழேயே வளர்ந்தவளுக்கு, இது தப்பு என்று தெரியுமா? வாயே திறக்காமல் இத்தனை காலம் எப்படி இருந்தாள்?

நான்தான் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "தம்பி, ஒங்களுக்கு வேற எடத்துல..."

"இல்ல ஆண்டி. நான் யாரையும் பாக்கல. ஆனா இனிமே அவங்கதான் பேசணும்."

வீட்டுக்கு வந்தபோது மகள் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட வைக்கவில்லை. "ஏண்டி, அந்தச் சுவரு தெரியாதுங்கிற விஷயம் ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். எங்கே போய்வந்தோம் என்று புரிந்துவிட்டது. "ஸ்கூல்ல பாரம் த்ரீ படிக்கும்போதே தெரியும்மா."

"அப்போ ஏண்டி சொல்லல?"

"சொன்னேனே. சயன்ஸ் டீச்சர் சொன்னாங்கன்னு ஓடிவந்து அப்பாகிட்ட சொன்னேன். தீபாவளிக்கு வந்தவங்க எல்லாம் இந்த ஹால்லதான் இருந்தாங்க. ஒங்க டீச்சர எங்கிட்ட வந்து படிக்கச் சொல்லுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எத சொல்லுவேன்?" துணியை மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. "பொய்ய சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிடும், நம்ம வீட்டுல அப்படித்தானேன்னு போன்ல அவர்கிட்டயும் சொன்னேன். அவருக்கு அது வரல. எனக்கு வந்துச்சும்மா. அதான் அவர் மூஞ்சில முழிக்க முடியல."

எனக்கு நினைவு வந்தது. சின்ன வயதில் அப்பா கேள்வி கேட்டால் கையை உயர்த்திக்கொண்டு துள்ளுகிற பிள்ளை அது. ஏதோ ஒரு வயதில் நின்றுபோயிற்று. பெரிய பெண்ணாகிவிட்டாள், கூச்சம் என்று விட்டுவிட்டேன். அதற்கு இப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது, அதுவும் என் வீட்டு ஹாலில், தீபாவளிப் பலகாரத்தோடு.

அவர் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பையன்கள் எல்லாரும் உட்கார்ந்த அதே நாற்காலியில். பிறகு, விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

"ஒனக்கு அந்தத் தம்பியப் பிடிச்சிருக்காம்மா?"

எத்தனை பையன்களிடம் எத்தனை கேள்வி கேட்டிருப்பார். இதை அவளிடம் கேட்டதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் கையில் இருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். "பிடிச்சிருக்குப்பா."

பழக்க தோஷம், அவர் கை பாதி வரைக்கும் மேலே போனது. அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை நீட்டி மேசையில் இருந்த அவளுடைய போனை எடுத்து, அவள் மடியில் வைத்தார்.